மிச்சத்தின் எடை

ஜனவரி 8, திங்கள்

எழுபத்தெட்டு கிலோ நானூறு கிராம். உயரம் நூற்றைம்பத்து நான்கு சென்டிமீட்டர். டாக்டர் பேச்சியம்மாள் இரண்டு எண்களையும் சீட்டில் எழுதி அடியில் கோடு போட்டார். மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆறு புள்ளி ஒன்று. இன்னும் வியாதி இல்லை, ஆனால் அதன் வாசலில் நிற்கிறேன். வலது முழங்கால் வலிக்குக் காரணமும் இந்த எடைதானாம்.

எதை எதைச் சாப்பிடக் கூடாது என்று நீளமாக ஒரு பட்டியல் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"பட்டினி கிடக்க வேண்டாம் மேடம். வயிறு நிறையச் சாப்பிடுங்க. தட்டுல பாதி காயும் கீரையும். கால்வாசி மீனோ முட்டையோ பயறோ. மீதி கால்வாசிதான் சோறு. முதல்ல ஒரு வாரம் சாப்பிடுறதை எல்லாம் எழுதிட்டு வாங்க."

வயிறு நிறையச் சாப்பிட்டு மெலியலாம் என்பது விளம்பரப் பலகையில் எழுதும் வாசகம். நான் நம்பவில்லை. ஆனால் எழுதுவது பழக்கமான வேலை. இருபத்திரண்டு வருடமாகக் குடிநீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில், எந்த ஊர்த் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 

வீட்டுக்கு வந்து கணவரிடம் சீட்டைக் காட்டினேன். வேதமுத்து மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். அதிகம் பேசுகிறவர் அல்ல.

"என்ன சுகிர்தா, கடைசில உன்னையே சாம்பிள் எடுத்துட்டியா?" என்றார்.

மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு இந்தப் பாளையங்கோட்டை வீட்டில் நாங்கள் இருவர்தான். இரண்டு பேர் சாப்பாட்டை எழுதுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் அதிகம்.

ஜனவரி 15, திங்கள்

ஒரு வாரப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி. இப்படிச் சாப்பிடுகிறவளுக்கு எழுபத்தெட்டு கிலோ வரக் கூடாது. வீட்டில் எடைபோடும் இயந்திரம் பொய் சொல்ல வேண்டும், அல்லது நான்.

கடையில் கட்டி வந்த பத்து கிலோ அரிசிப் பையை இயந்திரத்தின் மேல் வைத்தேன். பத்து கிலோ காட்டியது.

ஜனவரி 17, புதன்

ஆய்வகத்தில் ஒரு கணக்கு பொருந்தாவிட்டால் செய்வதைச் செய்தேன். உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது, எங்கே எவ்வளவு தங்கியது. சமைத்து இறக்கியதும் ஒவ்வொரு பாத்திரத்தையும் சமையலறைத் தராசில் நிறுத்தேன். சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி. கழுவப் போடும் முன் மறுபடி.

இரவு சமைத்தது: சோறு 820 கிராம், சாம்பார் 600, பீன்ஸ் பொரியல் 310.
இருவரும் சாப்பிட்டு எழுந்தபோது மிச்சம்: சோறு 290, சாம்பார் 180, பொரியல் 120.
கழுவப் போட்டபோது மிச்சம்: ஒன்றும் இல்லை.

நடுவில் சமையலறையில் இருந்தது நான் ஒருத்திதான்.

நின்றுகொண்டு சாப்பிட்டதை நான் சாப்பாடு என்று எண்ணியதே இல்லை. அதனால் எழுதவும் இல்லை. சட்டியில் கொஞ்சம் சோற்றைப் போட்டுப் பிசைந்து, ஒட்டியிருந்ததை வழித்து, அவர் தட்டில் ஒதுக்கி வைத்ததையும் சேர்த்து, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பாத்திரத்தைக் குழாயடியில் போடுகிறேன். அம்மா வீட்டில் பழகியது. கர்த்தர் தந்த ஆகாரத்தைக் கொட்டினால் அவர் கணக்குக் கேட்பார். கேட்பார் என்று நம்புவதை நான் எம்.எஸ்ஸி. முதல் வருடத்தோடு விட்டுவிட்டேன். வழித்துச் சாப்பிடுவதை மட்டும் விடவில்லை.

அறுநூறு கிராம், ஒரே இரவில். 

நாளை முதல் மிச்சம் மிச்சமாகவே இருக்கும். குளிர்சாதனப் பெட்டிக்குப் போகும், அல்லது கொட்டப்படும்.

ஜனவரி 28, ஞாயிறு

77.1.

இன்று மதியம் சாளை மீன் புளிக்குழம்பு, முருங்கைக்கீரை, வெண்டைக்காய், இரண்டு கரண்டி சிவப்பரிசிச் சோறு. தட்டு நிறைந்திருந்தது. எழுந்தபோது வயிறும் நிறைந்திருந்தது. நான்கு மணிக்கு வழக்கமாக வரும் பசி வரவில்லை. காலையில் இட்லி மூன்று, கூட ஒரு அவித்த முட்டையும் சுண்டலும். இட்லி ஐந்தாக இருந்த காலத்தில் பதினொரு மணிக்குப் பசித்தது.

டாக்டர் சொன்னது சரியாக இருக்கலாம். இன்னும் இரண்டு வாரம் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஒரு சின்னத் தொந்தரவு. நான் மிச்சத்தைத் தொடாததால் மிச்சம் சேர்கிறது. சமைப்பதைக் குறைத்தேன். மறுபடி மிச்சம். இன்னும் குறைத்தேன். இப்போது ஒன்றரை ஆள் அளவுதான் சமைக்கிறேன், அப்படியும் இரவில் இருநூறு கிராம் நிற்கிறது. என் தட்டை நிறுத்துத்தான் சாப்பிடுகிறேன். அப்படியென்றால் அவர் சாப்பிடுவது குறைவு. ஆனால் மதியம் கொடுத்து விடும் டிபன் கேரியர் துடைத்ததுபோல் காலியாக வருகிறது.

"வெளியே சாப்பிட்டுட்டு வாரியளா?" என்று கேட்டேன்.

"ஏன்?"

"ராத்திரி ஒண்ணும் இறங்க மாட்டேங்குதே. பஸ் ஸ்டாண்டு பரோட்டாவா?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஆமா. ஒண்ணே ஒண்ணு. கண்டுபிடிச்சிட்டியே."

கீரையும் பயறும் ஆண்களுக்குப் பிடிக்காது. அதைச் சொல்லாமல் பரோட்டாவுக்குப் போகிறார். எனக்குக் கோபம் வந்தது, காட்டவில்லை. ரசத்தை மட்டும் கேட்டு வாங்குகிறார். இரண்டு டம்ளர் தண்ணீரும்.

பிப்ரவரி 14, புதன்

இன்று சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாற்பது நாளும் இரவுச் சாப்பாட்டை விடுவதாகச் சொன்னார். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் லெந்துக்கு வெற்றிலையைக்கூட விட்டவர் இல்லை.

"திடீர்னு என்ன பக்தி?"

"வயசாகுதுல்லா. நீயும் இப்பத்தான தராசை எடுத்த."

ஒரு டம்ளர் கஞ்சி மட்டும் போதும் என்றார். எனக்கும் வேலை மிச்சம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

75.3. இருமல் தொந்தரவு தருகிறது என்று அவர் இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறார். தூசி.

மார்ச் 10, ஞாயிறு

73.8. ஒன்பது வாரத்தில் நான்கரைக் கிலோ. முழங்கால் வலி இல்லாமல் ஆய்வகத்தின் மாடிப்படி ஏறுகிறேன். ஆய்வகத்தில் கூட வேலை பார்க்கும் பெண்கள் என்ன பொடி குடிக்கிறேன் என்று கேட்டார்கள். கொள்ளுத் துவையல், முட்டை, மீன், கீரை என்றேன். நம்பவில்லை. பொடியின் பெயரை மறைக்கிறேன் என்று ஒருத்தி சொன்னாள்.

அவரும் இளைத்திருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்குப் போட்ட சட்டையின் கழுத்துப் பட்டையில் இரண்டு விரல் போகிறது. வீட்டில் எப்போதும் பனியனும் இடுப்பில் கட்டிய சாரமும், அதில் ஒன்றும் தெரிவதில்லை. மத்தியானக் காய்கறியின் பலன். பரோட்டாவையும் மீறி என் முறை அவருக்கும் வேலை செய்கிறது.

இதை இங்கே பெருமையாகவே எழுதிக்கொள்கிறேன். வேறு எங்கும் சொல்லப் போவதில்லை.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். ஆராதனை முடிந்து வந்து ஆட்டுக்கறி செய்தேன். லெந்து முடிந்துவிட்டது, இனி அவர் சாப்பிட வேண்டும்.

உட்கார்ந்தார். ஒரு துண்டுக் கறியை எடுத்து வாயில் போட்டு, நெடுநேரம் மென்றார். தண்ணீர் குடித்தார். கைகளைத் தலைக்கு மேல் தூக்கிச் சோம்பல் முறிப்பதுபோல் நிமிர்ந்தார். பிறகு எழுந்து கொல்லைப்புறம் போனார். குழாய் திறந்து ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"என்ன?"

"மோட்டார்ல தண்ணி கசியுது. பார்த்தேன்."

கண்கள் சிவந்திருந்தன. திரும்ப வந்து ரசம் ஊற்றி மூன்று வாய் குடித்தார். கறி அப்படியே இருந்தது. 

போய்ப் பார்த்தேன். மோட்டாரில் கசிவு இல்லை.

ஏப்ரல் 6, சனி

மார்க்கெட்டில் கீரைக்காரியிடம் நின்றபோது ஒருவர் வணக்கம் சொன்னார். என் கணவர் அலுவலகத்தில் லைன்மேன், சுடலைமுத்து. ஒருமுறை வீட்டுக்கு ஃபியூஸ் போட வந்திருக்கிறார். அப்போது இத்தனை தொப்பை இல்லை.

"மேடம், உங்க கையத்தான் கும்பிடணும். வியாழக்கிழம ஒரு கொள்ளுத் தொவையல் வச்சு விட்டிய பாருங்க, அடாடா."

"எந்தத் துவையல்?"

"சார் கேரியர்ல வந்துச்சுல்லா. ரெண்டு வருசமாச் சாப்பிடுதேன், ஒரு நாளு உப்பு கூடக் கொறையக் கெடையாது. இந்த ரெண்டு மூணு மாசமாத்தான் சோத்தக் கொறச்சிட்டிய. காய் நெறைய வருது. நல்லாத்தான் இருக்கு. எம் பொண்டாட்டி கேக்கா, ஆபீஸ்ல என்னத்தய்யா திங்க, இப்படி ஊதிட்டியேன்னு. மூணு கிலோ ஏறிட்டு மேடம்."

கீரைக்காரி மீதிச் சில்லறையை நீட்டினாள். நான் வாங்கவில்லை போலிருக்கிறது, அவளே பையில் போட்டாள்.

"சார் மத்தியானம் என்ன சாப்பிடுவாரு?"

"சாருக்கு டீதான். ரெண்டு பிஸ்கட்டு, அதையும் டீயில ஊற வச்சுக் குடிப்பாரு. மத்தியான வெரதம்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியுமே." அவர் முகம் லேசாக மாறியது. "மேடத்துக்குத் தெரியும்லா?"

"தெரியும்," என்றேன்.

ஏப்ரல் 6, அதே நாள், மாலை

எடைபோடும் இயந்திரத்தை முன்னறையில் கொண்டு வந்து வைத்தேன்.

"ஏறுங்க."

"நான் எதுக்கு?"

"ஏறுங்க."

ஏறினார். 57.2.

இரண்டு வருடத்துக்கு முன் அலுவலகத்தில் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை நடந்தது. அந்தத் தாள் என் கோப்பில் இருக்கிறது. அதில் 74.

"பரோட்டா சாப்பிட்டேன்னு சொன்னிய."

"நீதான் சொன்ன. நான் ஆமான்னேன்."

"சுடலைமுத்துவுக்கு மூணு கிலோ கூடியிருக்கு."

"அவனுக்கு வாய் நிக்காது," என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது. பிறகு நெஞ்சின் நடுவில் கையை வைத்தார். "இறங்க மாட்டேங்கு சுகிர்தா. இங்க வந்து நின்னுக்கிடுது. தண்ணிய ஊத்தி ஊத்தித் தள்ளணும். தள்ளியும் போகலன்னா வெளிய வந்திரும்."

அவருடைய அண்ணன் எபநேசர் மூன்று வருடத்துக்கு முன் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தார். நாங்கள் இருவரும் அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் இருந்தோம்.

"அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அவன் டாக்டர்ட்ட போனான். நாலு மாசம் குழாய்ல கஞ்சி ஊத்துனாங்க, செத்துட்டான். நான் போகலை. எனக்கு ரெண்டு வருசம் கெடச்சுது. கணக்குல நான்தான் ஜெயிச்சேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஏதோ ஒரு திருப்தி இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்கிட்ட சொல்லணும்னு ஒரு நாளும் தோணலையா?"

"ஆரம்பத்துல தெனமும் தோணும். வாயால சொல்ல வராது. அதான் தட்டுல மிச்சம் வப்பேன். என்னய்யா சாப்பிடலன்னு நீ கேப்ப, கேட்டா சொல்லிரலாம்னு. நீ அதைக் காலி பண்ணிட்டுக் கழுவப் போட்டுருவ." அவர் இயந்திரத்திலிருந்து இறங்கினார். "பொறவு அதுவே சவுரியமாப் போச்சு."

ஏப்ரல் 7, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை.

அவரிடமிருந்து போனது பதினேழு கிலோ. அதே இரண்டு வருடத்தில் என்மேல் ஏறியது பன்னிரண்டு. சுடலைமுத்துவிடம் மூன்று. மீதி இரண்டு எங்கே போனது என்று பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்தேன். யோசித்ததை உணர்ந்ததும் பென்சிலைக் கீழே வைத்தேன்.

ஜனவரி மாதம் ஒரு பக்கத்தில் 290, 180, 120 என்று எழுதியிருக்கிறேன். யாருடைய சோறு அது என்று எழுதவில்லை. மார்ச் மாதத்தில் "அவரும் இளைத்திருக்கிறார்" என்று எழுதியிருக்கிறேன். பலன் என்று எழுதியிருக்கிறேன்.

பொரியல் எத்தனை கிராம் என்று தெரிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் தெரியவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

டாக்டர் பேச்சியம்மாள் சீட்டு எழுதித் தந்தார். நாளை காலை எண்டோஸ்கோப்பி. இவர் வரமாட்டேன் என்றார். நான் கெஞ்சவில்லை, அழவில்லை. நீங்கள் வரும்வரை நானும் சாப்பிடப் போவதில்லை என்றேன். இதுவரை ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டவள் சொன்னதால் பயந்திருப்பார். நாளை போட வேண்டிய சட்டையை எடுத்து வைத்தார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

அவருக்கு நேற்று மதியத்திலிருந்து வெறும் வயிறு. அப்படி இருந்தும் குழாயை உள்ளே விட்ட டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டார். முந்தாநாள் குடித்த கஞ்சியின் பருக்கைகள் உணவுக்குழாயில் அப்படியே நின்றிருந்தன. உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள்.

வயது முப்பத்தைந்து இருக்கும் அந்த டாக்டருக்கு. எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்தார்.

"கட்டி எதுவும் தெரியலை. உணவுக்குழாய் அடியில ஒரு வாசல் மாதிரி இருக்கும், முழுங்கும்போது அது திறக்கணும். உங்களுக்குத் திறக்க மாட்டேங்குது. தசை இறுகிப்போச்சு. அக்கலேசியான்னு பேர். சந்தேகத்துக்குச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன்."

"கட்டி இல்லையா?" என்றார் இவர்.

"தெரியலை சார்."

"எங்க அண்ணனுக்கு இருந்துது."

"அது வேற, இது வேற. எத்தனை நாளா முழுங்க முடியலை?"

"ரெண்டு வருசம்."

டாக்டர் பேனாவை மூடினார். "நீங்க நினைச்ச வியாதியா இருந்தா ரெண்டு வருஷம் கழிச்சு இங்க உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்க மாட்டீங்க. பலூன் வச்சு அந்த வாசலை விரிக்கலாம். பெரும்பாலானவங்க அதுக்கப்புறம் சாப்பிடுவாங்க. முதல் மாசமே வந்திருந்தா இவ்வளவு இளைச்சிருக்க வேண்டாம்."

"கட்டி இல்லைங்கிய," என்றார் இவர் மறுபடி.

ஆட்டோவில் திரும்பினோம். முருகன்குறிச்சி தாண்டியதும் அவர் வெளியே பார்த்தபடி சொன்னார்.

"ரெண்டு வருசம் சும்மாவே செத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

ஏப்ரல் 10, புதன்

சாப்பிட்டேன். என்ன என்று நினைவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

சதைப் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. தாளை நான்கு முறை படித்தேன். இப்படிப்பட்ட தாள்களில் கையெழுத்துப் போடுகிறவள் நான். எழுத்துப் பிழை, மாதிரி எண், பெயர் எல்லாம் சரிபார்த்தேன். வேதமுத்து, ஆண், 54. அவர்தான்.

மகளிடம் போனில் சொன்னேன். "ரெண்டு வருஷமாவா? நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க?" என்றாள். போனை அவரிடம் கொடுத்தேன்.

ஏப்ரல் 22, திங்கள்

பலூன் வைத்து விரித்தார்கள். மாலையில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் நிற்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

கஞ்சி, குழைந்த சோறு, மசித்த கேரட், அவித்த முட்டை என்று ஒவ்வொரு படியாக ஏறுகிறோம். நாளை முதல் அலுவலகம் போகிறார்.

"சுடலைமுத்து பாவம். அவனுக்கு என்ன செய்ய?"

"அவர் பொண்டாட்டி பார்த்துக்கிடுவா."

"அவ சமையல் வாயில வைக்க வெளங்காதுன்னு சொல்லுவான்."

"அப்படியாவது மூணு கிலோ இறங்கட்டும்," என்றேன். சிரித்தார். இருமல் வரவில்லை.

மே 1, புதன்

விடுமுறை. 71.9. ஒரு மாதம் முன்பென்றால் இந்த எண்ணைப் பெரிதாக எழுதியிருப்பேன். டாக்டர் பேச்சியம்மாள் சர்க்கரையும் இறங்கிவிட்டது என்றார். முறை சரியான முறைதான். அதை நான் மறுக்கவில்லை. தொடர்ந்தும் செய்வேன்.

மதியம் சாளைப் புளிக்குழம்பு, முருங்கைக்கீரை, கேரட் பொரியல். அவர் எவ்வளவு சாப்பிடுவார் என்று இந்த நான்கு மாதத்தில் எனக்கு ஒரு கை அளவு வந்துவிட்டது, அதே அளவுக்குத்தான் சமைத்தேன். என் பங்கு எனக்கு, அவருக்கு ஒரு கிண்ணம்.

எதிரே உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து வாயையே பார்க்கிறேன், அவருக்கு எரிச்சல் வருகிறது. முள்ளை எடுத்துவிட்டு மீனைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டார். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே தண்ணீர் இல்லை. தட்டு காலியானது.

"இன்னும் இருக்கா?" என்றார்.

போய்ப் பார்த்தேன். சோற்றுப் பானையில் பருக்கை இல்லை. குழம்புச் சட்டியில் ஒரு கரண்டி சாறும் மாங்காய்த் துண்டு ஒன்றும். கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். 

"சுகிர்தா, இல்லன்னா விடு."

"இருங்க," என்றேன்.  "எந்திரிக்காதிய. இருபது நிமிசம்."

"இருபது நிமிசமா? கை காஞ்சிரும்லா."

"காயட்டும்."

இரண்டு டம்ளர் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தேன். அது வேகும்வரை அவர் காய்ந்த கையோடு காலித் தட்டின் முன்னால் எழாமல் உட்கார்ந்திருந்தார்.